பக்கத்தில் ஒரு பள்ளம்

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு மறையுரை



இந்தத் திருப்பலி முடிந்ததும் உங்களில் பலர் நேராக ஞாயிற்றுச் சந்தைக்குப் போவீர்கள். சிலர் பையைக் கையோடு கொண்டுவந்து காலடியில் மடித்து வைத்திருப்பதும் இங்கிருந்து எனக்குத் தெரிகிறது. இருக்கட்டும், தவறில்லை. இன்று நானும் காய்கறியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நான் இந்தப் பங்குக்கு வந்த முதல் ஐப்பசி நினைவுக்கு வருகிறது. நான் பிறந்தது செம்மண் காட்டில். எங்கள் ஊரில் செடி வாடினால் அதற்கு ஒரே காரணம்தான்: தண்ணீர் போதவில்லை. இங்கே வந்த புதிதில் பங்கு இல்லத்துக்குப் பின்னால் ஆசையாக முப்பது கத்தரி நாற்று நட்டிருந்தேன். மூன்று நாள் விடாத அடைமழை. நான்காம் நாள் வெயில் எட்டிப் பார்த்தபோது நாற்றெல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. ஐயோ, வாடுகிறதே என்று ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பீடத்துக்குப் பூக் கொண்டுவரும் பாட்டி ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போதும் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார். "சாமி, தண்ணியில நிக்கிற செடிக்கு இன்னும் தண்ணி ஊத்துறீங்களே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது தாகத்துல வாடல சாமி. மூச்சு முட்டி வாடுது" என்றார்.

எத்தனையோ ஆண்டுகள் குருமடத்தில் படித்தவன் நான். அந்த ஒரு வரியை எனக்கு அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

பாட்டி சொன்னதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். மண்ணுக்குள் துகளுக்கும் துகளுக்கும் நடுவே சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன. அவற்றில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றைக் கொண்டுதான் வேர் சுவாசிக்கிறது. மழைநீர் வடியாமல் நின்றால் காற்றைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் குடியேறிவிடும். சுவாசிக்க முடியாத வேருக்குத் தண்ணீரை உறிஞ்சும் தெம்பும் போய்விடும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகும்.

நம் மண் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே சுமார் 160 சதுர கிலோமீட்டர் காரைக்கால் நிலம், புதுச்சேரியோடு ஒட்டாமல் தனியாக. காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, களைத்துப்போய், அரசலாறாகவும் திருமலைராசனாறாகவும் வந்து கடலில் சேரும் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் நமக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி.; உச்ச நீதிமன்றமும் 2018-இல் அதை மாற்றவில்லை. காகிதத்தில் அவ்வளவு. கோடையில் மதகடியில் நின்று பார்ப்பவருக்குத்தான் மீதிக் கதை தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் மேலேயிருந்து மழை, மேற்கேயிருந்து வெள்ளம், கிழக்கே கடல் வாங்கிக்கொள்ள மறுக்கும். களிமண் ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த மண்ணில் நெல் மகிழ்ச்சியாக நிற்கும். கத்தரி நிற்காது.

சகோதரர்களே, இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது வாடிக்கொண்டிருக்கிறார்களா? கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட மகன் இருக்கலாம். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருக்கும் மருமகள் இருக்கலாம். மாலையானதும் கடைப் பக்கம் போய்விடும் கணவர் இருக்கலாம். நாம் என்ன செய்கிறோம்? குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறோம். புத்திமதி ஒரு குடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பீடு ஒரு குடம், "உனக்காக எவ்வளவு செபிக்கிறேன் தெரியுமா" என்று இன்னொரு குடம். எல்லாமே நல்ல தண்ணீர்தான். ஆனால் அவர் தாகத்தால் வாடுகிறாரா, மூச்சு முட்டி வாடுகிறாரா என்று குனிந்து பார்த்தோமா?

நானும் பார்க்கவில்லை. இந்தப் பீடத்தில் நின்றுகொண்டு நான் ஊற்றிய குடங்கள் கொஞ்சமல்ல.

மறுநாள் பாட்டி தம் பேரனை மண்வெட்டியோடு கூட்டிவந்தார். நான் செங்கல் வாங்கவா, வண்டல் ஒரு வண்டி சொல்லவா என்று கேட்டேன். நகரத்தில் மொட்டைமாடித் தோட்டம் போடுகிறவர்கள் பலகையால் பெட்டி செய்து, வாங்கிய மண்ணைக் கொட்டி வளர்ப்பதைப் பார்த்திருந்தேன். பாட்டி கையை அசைத்துவிட்டார். "வெளியிலேர்ந்து ஒண்ணும் வேணாம் சாமி. பக்கத்துல பள்ளம் எடுத்தா மேடு தானா வரும்."

அப்படித்தான் வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை வெட்டி நடுவில் போட்டான் அந்தப் பையன். அரை மணி நேரத்தில் நான்கடி அகலத்தில், முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும் உயரத்தில் ஒரு மேட்டுப்பாத்தி எழுந்துவிட்டது. நான்கடிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்ட வேண்டும். மக்கிய சாணி எருவும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து, மேலே வைக்கோல் பரப்பினோம். விளிம்பு சரியாமலிருக்கத் தென்னை மட்டையை வரிசையாகப் படுக்க வைத்தோம். அடுத்த மழையில் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கி ஓடியது. மேட்டில் இருந்த வேர் மூச்சு விட்டது.

எங்கிருந்தோ வந்த உயர்ந்த மண் அல்ல அது. அதே களிமண், அதே கடைமடை. ஒன்றரை அடி பள்ளம் தன்னைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

இந்த வேலை நம் மூதாதையருக்குத் தெரியாததல்ல. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு. எத்தனை 'மேடு'கள் பாருங்கள், எல்லாம் கடலோரம். தண்ணீர் வந்தால் எங்கே நிற்பது என்று பார்த்துக் குடியேறியவர்கள் நம் ஆட்கள். வீட்டுக்கு மேடு பார்த்த நாம் காய்கறிக்கு மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டோம்.

இன்றைய நற்செய்திக்கு வருகிறேன். திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்தி மரம். உரிமையாளர் மூன்று ஆண்டுகளாக வந்து பார்க்கிறார், காயே இல்லை. வெட்டிவிடு என்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மரம் இடத்தை அடைத்துக்கொண்டுதானே நிற்கிறது? தோட்டக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மரம் நல்ல மரம் என்று அவர் வாதாடவில்லை. போன ஆண்டு பூச்சி அடித்தது, மழை பெய்யவில்லை என்று காரணம் அடுக்கவில்லை. இன்னும் ஓராண்டு பொறுத்துக்கொள்ளும்படி கேட்டுவிட்டு, சுற்றிலும் கொத்தி எரு இடுவதாகச் சொல்கிறார். மரத்தின் குறைக்குத் தம் முதுகை வளைக்க முன்வருகிறார். மரத்தைச் சுற்றிக் கொத்தினால் என்ன ஆகும்? மரத்தைச் சுற்றிப் பள்ளம்தான் ஆகும்.

அந்தத் தோட்டக்காரர் யார் என்று உங்களுக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றுதானே நினைத்துக்கொண்டார்? நாம் அதை மரியாவின் தவறு என்கிறோம். எனக்கென்னவோ அவர் பாதி சரியாகத்தான் பார்த்தார் என்று தோன்றுகிறது. கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கினார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதியதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வெறுமையாக்குதல் என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அந்தப் பாத்தியின் ஓரத்தில்தான். நம்மை உயர்த்த அவர் வேறெங்கிருந்தும் மண் கொண்டுவரவில்லை. நமக்குப் பக்கத்தில் வந்து, தம்மைத் தாமே தோண்டிக் கொடுத்தார்.

சகோதரிகளே, சகோதரர்களே, நீங்கள் இன்று நிற்கும் மேட்டுக்கு யார் பள்ளமானார்கள்? ஒரு நிமிடம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். தங்கையின் படிப்புக்காகப் பதினேழு வயதில் படகேறிய அண்ணன். வளைகுடாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்து, மாதா மாதம் பணம் அனுப்பிய தகப்பன். தாலிக்கொடியை அடகு வைத்து மீட்காமலே கண்ணை மூடிய அம்மா. அவர்களைப் பார்த்து, "நீங்கள் ஏன் கீழேயே இருந்துவிட்டீர்கள்" என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? முகத்தாலாவது?

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர், நானே பள்ளமாகத்தான் போய்விட்டேன் சாமி, எனக்கென்று ஒன்றுமில்லை என்று என்னிடம் அழுதிருக்கிறீர்கள். அம்மா, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மழை நின்று சித்திரை வெயில் வரும்போது பாத்திக்கு ஈரம் எங்கிருந்து ஏறுகிறது தெரியுமா? அந்தப் பள்ளத்திலிருந்துதான். எங்கள் பள்ளத்தில் யாரும் விதைக்காமலே பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் படர்ந்திருக்கின்றன. அந்தமானில் 2004 நிலநடுக்கத்தில் நிலமே தாழ்ந்து, வயல்களில் ஓதநீர் ஏறியபோது, அன்றைய போர்ட் பிளேரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் இதே முறையைப் பெரிய அளவில் பரப்பினார்கள். அகலமான மேட்டில் காய்கறி, நடுவிலுள்ள பள்ளத்தில் மீன். பள்ளமும் விளைந்தது. ஆண்டவர் உங்களைக் கணக்கில் எழுதாமல் விடவில்லை.

நம் ஊரில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்களும் அவர்கள் பேரப்பிள்ளைகளும் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1739-லிருந்து பிரெஞ்சுக்காரர்களோடு பழகிய ஊர் இது. பாரிஸைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டவர்களை 'மரேஷே' என்பார்கள். 'மரே' என்றால் சதுப்பு நிலம். சேற்று நிலத்தைத் திருத்தித்தான் அவர்கள் கீரையும் கிழங்கும் போட்டார்கள். சேற்றின் பெயரே தொழிலுக்கும் பெயராகிவிட்டது. அந்த நாட்டில் காய்கறித் தோட்டக்காரர்களுக்குப் பாதுகாவலர் புனித ஃபியாக்கர். அயர்லாந்திலிருந்து வந்து, ஏழாம் நூற்றாண்டில் மோ நகருக்கு அருகே தவவாழ்வு வாழ்ந்தவர். ஒரு பகலில் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வெட்டுகிறாயோ அவ்வளவும் உனக்கு என்றாராம் ஆயர் ஃபாரோ. துறவி கைத்தடியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடந்தார், தடி போன வழியெல்லாம் மண் பிளந்து பள்ளமாயிற்று என்பது மரபுக்கதை. அந்த நிலத்தில் காய்கறி போட்டு வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தார். அவருடைய சுரூபத்தில் கையில் மண்வெட்டி இருக்கும். மண்வெட்டி பிடித்த புனிதர் ஒருவர் நமக்கு இருக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இனி உப்பு. இதைச் சொல்லாமல் காரைக்காலில் மண்ணைப் பற்றிப் பேச முடியாது.

2004, டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், அதுவும் ஞாயிறு. அன்றைய ஆழிப்பேரலையில் நாம் இழந்தவர்களை இந்தப் பீடத்தில் ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறோம். கடல் திரும்பிப் போனபின் வயலில் விட்டுச்சென்றது உப்பு. இனி இங்கே புல் முளைக்காது என்று பலர் கைவிட்டார்கள். அப்போது இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா நாகைக் கடலோரத்தில் விவசாயிகளோடு நடந்து, இலைதழையையும் பசுந்தாள் உரத்தையும் நம்பச் சொன்னார். 2005-இல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. வெள்ளம் என்று நாம் திட்டிய அந்த மழைதான் உப்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோனதில் பெரும்பங்கு வகித்தது. வயல்கள் திரும்பி வந்தன.

ஆனால் உப்பு ஒரே நாளில் போய்விடுவதில்லை. மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாது. பங்குனி வெயிலில் மண்ணின் ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது, அடியிலிருந்த உப்பும் கூடவே ஏறி, பாத்தியின் உச்சியில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நம் மனத்திலும் அப்படித்தானே? வசதியாக இருக்கும்போது எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கும். ஒரு வறட்சி வந்தால் போதும். பத்து ஆண்டுக்கு முன் நாத்தனார் சொன்ன வார்த்தை, சொத்துப் பிரித்தபோது தம்பி செய்தது எல்லாம் வெள்ளை வெளேரென்று மேலே வந்து நிற்கும்.

சுரண்டி எடுத்தால் போகுமா என்று பாட்டியிடம் கேட்டேன். "சுரண்டுனா கையிதான் எரியும்" என்றார். நல்ல தண்ணீரை மேலிருந்து நிதானமாக விட வேண்டும். உப்பு கரைந்து கீழே இறங்கும். இறங்கினது போவதற்கு வடிகால் வேண்டும். வடிகால் இல்லாமல் தண்ணீர் விட்டால் உப்போடு சேறும் சேரும், அவ்வளவுதான். அன்பு மக்களே, ஒப்புரவு அருளடையாளம் நமக்குத் திருச்சபை வெட்டி வைத்திருக்கும் வடிகால். ஆண்டவரின் இரக்கம் மேலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. உப்பு வெளியேற நாம்தான் வழி விடுவதில்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பல வாரங்களில் கொசுவும் நானும் மட்டும்தான்.

தண்ணீர் விட்டபின் மூடாக்குப் போட வேண்டும். வைக்கோலோ தென்னங்கீற்றோ பாத்தியை மூடிவிட்டால் வெயில் நேராகப் படாது. உப்பு மேலே ஏறுவதும் குறையும். பாவங்களை அன்பு மூடும் என்று புனித பேதுரு தம் திருமுகத்தில் எழுதியபோது இந்த மூடும் வேலையைத்தான் நினைத்தார் போலும். மன்னித்த ஒன்றைத் திறந்து திறந்து வெயிலில் காட்டாதீர்கள்.

மாதூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலோ விசாரித்தால் மண்ணின் உப்பை அளக்கும் அளவுகோலைப் பற்றிச் சொல்வார்கள். அந்த அளவுகோலில் 4-ஐத் தாண்டினால் உவர் மண். பீட்ரூட் அந்த 4 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். பீன்ஸ் 1-ஐத் தாண்டினாலே துவண்டுவிடும். ஒரே பாத்தி, ஒரே தண்ணீர். பீட்ரூட் தாங்குகிறதே, உனக்கென்ன கேடு என்று பீன்ஸைத் திட்டுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைத் திட்டுகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பங்கு மக்களைத் திட்டுகிற பங்குத்தந்தையையும் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எதை எவரால் தாங்க முடியும் என்பது நம்மைப் படைத்தவருக்குத் தெரியும். அவர் பீன்ஸிடம் பீட்ரூட்டைக் கேட்பதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாத்தியை அமைத்து முடித்ததும் நான் பெருமையாக அதன்மேல் ஏறி நின்றேன். அந்தப் பையன் பதறிவிட்டான். "ஃபாதர், இறங்குங்க, மண்ணு அமுங்கிடும்!" பாத்தியில் கால் வைக்கக் கூடாது, பள்ளத்தில் நின்றுதான் விதைக்க வேண்டும், களை எடுக்க வேண்டும், பறிக்க வேண்டும். மிதித்த மண்ணில் காற்றுப் போகாது. பட்ட பாடெல்லாம் வீண். அன்றிலிருந்து நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. அவர் படுத்திருக்கும் கட்டிலைவிடத் தாழ்வாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்த முப்பது நாற்றில் என்ன மிஞ்சியது என்று கேட்பீர்கள். இருபத்தேழு அழுகிவிட்டன. மூன்றைப் புதுப் பாத்தியில் மாற்றி நட்டோம். அவற்றில் இரண்டு பிழைக்கவில்லை. மூன்றாவது மார்கழி முழுவதும் ஒரு புது இலைகூட விடாமல் குச்சியாக நின்றது. பிடுங்கிவிட்டு முள்ளங்கி போடலாம் என்றேன். "இருக்கட்டும் சாமி, தை வரைக்கும் பாப்போம்" என்றார் பாட்டி. லூக்கா அந்த அத்தி மரம் மறு ஆண்டு காய்த்ததா என்று எழுதாமலே விட்டுவிட்டார். எங்கள் கத்தரி தை கடைசியில் நான்கு காய் காய்த்தது. இரண்டைப் பாட்டி காணிக்கைப் பவனியில் கொண்டுவந்து வைத்தார். மற்ற இரண்டும் என் சாம்பாரில் போயின.

இப்போது பின்னால் ஆறு பாத்திகள் இருக்கின்றன. ஒவ்வோர் அன்பியத்துக்கும் ஒன்று என்று பிரித்திருக்கிறோம். ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஆள் வரவில்லை, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். அரைக்கீரை பறிக்கும் பக்குவத்தில் நிற்கிறது. சந்தைப் பையோடு வந்தவர்கள் போகும் வழியில் ஒரு பிடி கிள்ளிக்கொள்ளுங்கள். வீட்டில் முடியாதவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் நின்று கிள்ளுங்கள்.

எழுந்து நிற்போம். நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.